கார் சைலன்சர் முனையை வீட்டிலேயே அழகாக்க: முதல்முறை செய்பவர்களுக்கான முழு வழிகாட்டி

கார் முழுக்கப் பளிச்சென்று இருக்கும், பின்பக்க பம்பருக்குக் கீழே மட்டும் பழுப்பேறிய ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யலாம் என்று இறங்கியபோது முழு வழிமுறையும் எனக்கு ஓரிடத்தில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் டிப், அதாவது குழாயின் வாயில் உறைபோல் மாட்டும் அலங்கார உலோக முனை, மாட்டினால் போதும் என்றார்கள், அடுத்த கடையில் வெல்டிங் வைத்தால்தான் நிற்கும் என்றார்கள், பெயின்ட் கடையில் அறுநூறு டிகிரி தாங்கும் என்று ஒரு டப்பாவை நீட்டினார்கள், ஆனால் அந்தப் பெயின்ட் எந்தச் சூட்டில் இறுகும் என்று கேட்டால் பதில் இல்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது முனையின் தோற்றத்தைப் பற்றி மட்டும்தான், அதாவது கடைசி பத்து, பதினைந்து சென்டிமீட்டர். சத்தத்தைக் கூட்டுவது, மஃப்ளரை (சத்தத்தை அடக்கும் பெட்டி) வெட்டுவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) கழற்றுவது எதுவும் இதில் இல்லை. நீங்களும் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

1. சட்டம் என்ன சொல்கிறது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அந்தப் பிரிவிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் கட்டமைப்பில் கை வைத்து அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே பிரிவை வைத்துத் தயாரிப்பாளரின் வடிவமைப்பை மீறி மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சத்தமும் புகையும் தனிக் கணக்கு. எல்லா வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. சத்த அளவையோ புகை அளவையோ மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பாயும். முதல்முறை என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

குழாயின் வாயில் ஒரு மூடியைப் போல மாட்டிக் கழற்றக்கூடிய டிப், மேலே அடிக்கும் பெயின்ட், பாலிஷ் எதுவும் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றுவதில்லை, சத்தத்தையும் மாற்றுவதில்லை. அதனால்தான் எதைச் செய்தாலும் கழற்றினால் பழைய நிலைக்கு வர வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். குழாயை அறுத்தாலோ வெல்டிங் வைத்தாலோ அந்த வாதம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

காகிதங்களில் ஆர்.சி., இன்சூரன்ஸ், செல்லுபடியாகும் பி.யு.சி. (புகைப் பரிசோதனைச் சான்று) மூன்றும் வழக்கம்போல. இவற்றோடு வாரண்டி புத்தகத்தை எடுத்து எக்ஸாஸ்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள். வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால், உங்கள் மாடலுக்கான டிப் கம்பெனி ஆக்சஸரி பட்டியலில் இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். வெளிக்கடையைவிட விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பில்லோடு வரும், பின்னால் சர்வீஸில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கே வாங்கினாலும் பில்லை வாங்கி ஆர்.சி. நகலோடு வைத்துவிடுங்கள். வேலை தொடங்குமுன் குழாயை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

2. எதையும் வாங்குமுன் குழாயைப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், காசு வீணாவதும் இங்கேதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முந்தின நாள் நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் பார்ப்பது இன்னும் நல்லது, குனிந்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிவிட்டம். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதை வைத்து அளக்கலாம். இல்லையென்றால் ஒரு நூலைக் குழாயைச் சுற்றிப் பிடித்து அதன் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உள்விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது. நேராகப் பின்னோக்கி இருந்தால் வேலை சுலபம். பல சிறிய கார்களில் முனை கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதில் நேரான டிப்பை மாட்டினால் அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும், ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கும். அந்த வகைக்கு வாய்ப்பக்கம் வளைவு வைத்த டிப் தனியாக வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பருக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதையும் பாருங்கள். எக்ஸாஸ்ட் முழுவதும் ரப்பரில்தான் தொங்குகிறது, ஓடும்போது ஆடும். கையால் மெல்ல ஆட்டினாலே எவ்வளவு அசைகிறது என்று தெரியும். மாட்டிய பிறகு டிப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டராவது காற்று இருக்கும்படி கணக்குப் போடுங்கள். இதில் குறைந்தால் பம்பரின் பெயின்ட் மஞ்சளாகும், அப்புறம் பிளாஸ்டிக்கே நெளியும்.

என்ன உலோகம் என்று பார்ப்பதற்கு ஒரு காந்தம் உதவும், ஆனால் அதை அளவோடு நம்புங்கள், கீழே சொல்லும் இரண்டு வகையிலும் அது ஒட்டும். கம்பெனி குழாய் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ அலுமினியப் பூச்சு கொடுத்த இரும்பாகவோ இருக்கும். முதல் வகையில் மேலாகத் தெரியும் பழுப்பு பெரும்பாலும் மேலோட்டமான துருதான், தேய்த்தால் போய்விடும். இரண்டாவது வகையை அழுத்தித் தேய்த்தால் அந்தப் பூச்சே போய்விடும், அப்புறம் உண்மையான துரு ஆரம்பிக்கும். மங்கலான வெள்ளி நிறத்தில், பளபளப்பில்லாமல், சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் அதை அலுமினியப் பூச்சாகவே எடுத்துக்கொண்டு தேய்ப்பதைக் குறையுங்கள்.

கடைசியாக, மஃப்ளரின் அடியில் மிகச் சிறிய ஓட்டை ஒன்று இருக்கலாம். அது தண்ணீர் வடிவதற்காக வைத்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முனையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவிதான் அது. அந்த ஓட்டையைப் பெயின்டாலோ புட்டியாலோ அடைத்துவிடாதீர்கள், மஃப்ளர் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கிவிடும்.

3. எந்த வழி உங்களுக்கு?

குழாய் நன்றாக இருக்கிறது, அழுக்கும் மேல்துருவும்தான் பிரச்சினை என்றால் சுத்தம் செய்து பாலிஷ் போடுங்கள், அதிலேயே பாதிப் பேர் திருப்தியாகிவிடுவீர்கள். குழாய் கண்ணில் படவே கூடாது என்றால் கறுப்புப் பெயின்ட். எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் டிப். டிப்பிலேயே நீலமும் ஊதாவும் கலந்த நிறம் வேண்டும் என்றால் சூடுகாட்டி நிறமேற்றுவது, அது கொஞ்சம் பொறுமையான வேலை.

பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பெயின்ட் பக்கம் போகாமல் நல்ல ஸ்டெயின்லெஸ் டிப்பையே மாட்டுங்கள் என்பது என் கருத்து. அந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர், சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே புகை அறுநூறு டிகிரி வரை போகும், அப்போது முனையும் வழக்கத்தைவிட நன்றாகச் சூடேறும். வெளியில் தெரியாமல் நெடுஞ்சாலையில் நடக்கிற விஷயம் அது. மேலே அடித்த சாதாரண வெப்பப் பெயின்ட் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

4. வண்டிக்கு அடியில் போகுமுன்

முனையில் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் வண்டியைத் தூக்கவே வேண்டாம், தரையில் ஒரு அட்டையை விரித்து உட்கார்ந்தால் கை எட்டும். கட்டாயம் தூக்கியாக வேண்டும் என்றால் ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டவே கூடாது. சமதளம், ஹேண்ட் பிரேக், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, அப்புறம் ஜாக்கி ஸ்டாண்டு. ஸ்டாண்டு ஒரு ஜோடி 1,500 ரூபாய்க்கு மேல் ஆகும். தெரிந்த மெக்கானிக்கிடம் அரை நாளுக்குக் கேட்டால் கொடுப்பார்.

மூடிய ஷெட்டிலோ அடுக்குமாடி அடித்தளப் பார்க்கிங்கிலோ என்ஜினை ஓடவிட்டு எதையும் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

5. சுத்தம் செய்வதும் பாலிஷும்

முதலில் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெந்நீரும். உள்விளிம்பில் படிந்த கரியைப் பழைய டூத் பிரஷால் எடுங்கள். கரி போகவில்லை என்றால் டபிள்யூ.டி. 40 (துருவையும் பிசுக்கையும் இளக்கும் ஸ்பிரே) அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பச்சை நிற ஸ்கிரப்பரால் தேயுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தடவினால் உடனே பளபளக்கும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பளபளக்கும்தான். ஆனால் அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கிவிடும், சில வாரங்களில் அந்தக் குழிகளிலிருந்து துரு கிளம்பும். அடுத்தது சாதாரண இரும்பு நார். அது விட்டுப்போகும் இரும்புத் துகள்கள் ஸ்டெயின்லெஸ் மேல் ஒட்டிக்கொண்டு முதல் மழையிலேயே செம்புள்ளியாகத் தெரியும். ஸ்டெயின்லெஸ் நார் தேடி வாங்குங்கள், இல்லையென்றால் பச்சை ஸ்கிரப்பரே போதும்.

குரோம் பூசிய டிப் என்றால் உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். குரோம் உரிந்து செதிலாக நின்றால் அதைக் காப்பாற்ற வழியில்லை, புதிதுதான்.

கெட்டி ஸ்டெயின்லெஸ் என்றால் 400, 800, 1500, 2000 என்று உப்புத்தாளை ஏறுவரிசையில், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தின தாளின் கோடு மறையும்வரை தேய்த்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும், அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால் கடைசிப் பளபளப்பில் அந்தக் கோடுகள் எல்லாம் தெரியும். கடைசியில் மெட்டல் பாலிஷ், பருத்தித் துணி. பொறுமையாகச் செய்தால் ஒரு மதியம் முழுக்க ஆகும்.

6. கறுப்புப் பெயின்ட்: சூடு தாங்கும் என்பது மட்டும் போதாது

இதைத்தான் கடைகளில் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயின்ட்டில் இரண்டு வகை. 600, 650 டிகிரி தாங்கும் என்று எழுதியிருக்கும் சிலிக்கோன் வகை, என்ஜினுக்கு அருகே உள்ள குழாய்களுக்கானது. அது வெறும் காற்றில் காய்வதோடு சரி, முழுதாக இறுக வேண்டுமானால் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். பொதுவாக 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு 200 டிகிரியில் அரை மணி, மறுபடி ஆறவிட்டு 315 டிகிரியில் அரை மணி என்ற வரிசையில் டப்பாவில் போட்டிருக்கும். என்ஜின் பக்கம் இந்தச் சூடு ஓட்டத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் வண்டியின் கடைசி முனையில், அதுவும் ஊருக்குள் ஓடும் பெட்ரோல் காரில், 315 டிகிரி வருவதே இல்லை. ஆகவே அந்தப் பெயின்ட் மாதக்கணக்கில் மென்மையாகவே இருக்கும், நகம் பட்டால் கீறும், பெட்ரோல் துளி பட்டால் கரையும். பெயின்ட் மட்டம் என்று அதைத் திட்டுவதில் பயனில்லை, இந்த இடத்துக்கு அது ஏற்றதில்லை.

முனைக்கு ஏற்றது என்ஜின் எனாமல் அல்லது பிரேக் காலிப்பர் பெயின்ட். இவை 250 டிகிரியைச் சுற்றித் தாங்கும், இறுகுவதற்கு 90 முதல் 100 டிகிரி போதும். சாதாரண பெட்ரோல் வண்டிக்கு இது போதுமானது. சந்தேகம் இருந்தால், நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டி வந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் முனையை அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு சொட்டு கறுப்பு வெப்பப் பெயின்டை முன்கூட்டியே தடவிக் காயவைத்து, அதன் மேல் அளந்தால் ஓரளவு சரியான எண் வரும்.

இனி செய்முறை. டிப் கழன்று வரும் என்றால் கழற்றித் தனியாக அடியுங்கள். வராது என்றால் பம்பரைச் செய்தித்தாளாலும் மாஸ்கிங் டேப்பாலும் தாராளமாக மூடுங்கள், ஸ்பிரே தூசி நினைப்பதைவிடத் தூரம் போகும், பக்கத்தில் நிற்கும் அடுத்தவர் வண்டி மேலும் படியும்.

அ) 120, 220 எண் உப்புத்தாளால் துருவை எடுத்து, 400 எண்ணால் சமப்படுத்துங்கள். அலுமினியப் பூச்சு என்றால் 400 மட்டும், அதுவும் லேசாக.

ஆ) தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை போடுங்கள். பெயின்ட் உரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கே எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சுவதுதான்.

இ) சாதாரண பிரைமர், ரெட் ஆக்சைடு, புட்டி எதுவும் வேண்டாம், சூட்டில் கருகி மேலே உள்ளதையும் சேர்த்துக் கிளப்பிவிடும். அடித்தால் வெப்பம் தாங்கும் பிரைமர், இல்லையென்றால் நேராகப் பெயின்ட்.

ஈ) டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து, பதினைந்து நிமிடம். முதல் பூச்சில் உலோகம் ஆங்காங்கே தெரிந்தால் பரவாயில்லை, ஒரே பூச்சில் மூடப் பார்த்தால்தான் வழியும். உள்விளிம்பிலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உள்ளே போகும்படி அடியுங்கள்.

உ) ஒரு நாள் காயட்டும். அதன்பின் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவிடுங்கள், அடுத்து இருபது நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், அதற்குப் பிறகு ஒரு நீண்ட ஓட்டம். கழற்றிய டிப் என்றால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் நல்லது. சமையல் ஓவனில் வைக்காதீர்கள், அந்தப் புகை உணவில் ஏறக் கூடாதது.

பருவம் ஒரு பெரிய விஷயம். சென்னை போன்ற ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெயின்ட் வேலையை எடுக்காதீர்கள், ஈரப்பதத்தில் மேற்பரப்பு வெளிறிப் போகும். வெயில் காலத்தில் காலை பத்து மணிக்குள் அடித்துவிடுவது நல்லது, உச்சி வெயிலில் சுடும் உலோகத்தில் அடித்தால் சொரசொரப்பாக வரும்.

7. டிப் வாங்குவது

சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இதற்குப் போக வேண்டிய இடங்கள். ஆன்லைனில் வகைகள் அதிகம், ஆனால் கையில் எடுத்து எடை பார்க்க முடியாது. இந்த விஷயத்தில் எடை நிறையச் சொல்லிவிடும்.

எஸ்.எஸ். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேளுங்கள். விலை குறைந்ததில் பெரும்பாலும் 201 அல்லது 202 வரும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304தான் என்று கடையில் காட்டுவார்கள். 201, 202லும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை இரும்பின் மேல் குரோம் பூசியதைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். உப்புக் காற்றில் 304தான் அவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஈ.சி.ஆர். ஓரமோ தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களிலோ இருப்பவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொன்னால், எழுதத் தயங்குகிற கடையிலிருந்து நகர்ந்துவிடுங்கள்.

டிப்பின் வாய்விட்டம் உங்கள் குழாயின் வெளிவிட்டத்தைவிட இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் சரியாக உட்காரும். மூன்று ஸ்குரூ வைத்து இறுக்கும் வகை 38 முதல் 60 மில்லிமீட்டர் வரை பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். 38 குழாயில் அந்த டிப் மூன்று நீண்ட ஸ்குரூக்களின் மேல் அந்தரத்தில் நிற்கும், நம்மூர்ச் சாலையில் சில வாரத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். கிளாம்ப் வைத்த வகை இதைவிட நன்றாகப் பிடிக்கும்.

கார்பன் ஃபைபர் டிப் என்றால் உள்ளே தனி ஸ்டீல் குழாய் இருக்கிறதா, அதற்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இல்லாததும் மேலே ஸ்டிக்கர் ஒட்டியதும் மஞ்சளாகி வெடிக்கும். உள்ளே வலையோ தடுப்போ வைத்த டிப்பை வாங்காதீர்கள், காரணத்தைப் பி.யு.சி. பகுதியில் சொல்கிறேன்.

8. மாட்டுவது

குழாயின் முனையை உப்புத்தாளால் லேசாகச் சுத்தம் செய்து துடைத்துவிட்டு, டிப்பை நாலைந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி சொருகுங்கள். அதன் வெளிவிளிம்பு பம்பரின் விளிம்போடு சமமாக, அல்லது ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கட்டும். உள்ளே போனால் சூடான புகை பம்பரின் அடியில் அடிக்கும். ரொம்ப வெளியே நீட்டினால் டிக்கியில் சாமான் ஏற்றுகிறவர் காலைச் சுடும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். வாய் ஒரு நூலளவு கீழே சாய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே தங்காது.

ஸ்குரூ மரையில் காப்பர் ஆன்டி சீஸ் பசையைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் மரையும் ஸ்டெயின்லெஸ் நட்டும் சூட்டில் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும், பிறகு கழற்ற அறுக்கத்தான் வேண்டும். மூன்று ஸ்குரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் டிப் கோணலாகிவிடும். சில டிப்களோடு குழாயைத் துளைத்துப் போகும் ஸ்குரூ வரும். அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, டிப்புக்கும் தரைக்கும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். காலி வண்டியில் சரியாகத் தெரிவது முழுப் பாரத்தில் இடிக்கலாம்.

9. நீலமும் ஊதாவும்

இது 304 டிப்பில் மட்டும், அதுவும் வண்டியிலிருந்து கழற்றிய பிறகு மட்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, மாட்டிய நிலையில் டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது. துத்தநாகம் பூசிய கிளாம்ப், நட் எதையும் சூடுகாட்டாதீர்கள், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலே வரும்.

பாலிஷ் போட்டு, தின்னரால் துடைத்து, கைபடாமல் வைத்துக்கொண்டு பியூட்டேன் டார்ச்சால் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். சுமார் 290 டிகிரியில் வெளிர் மஞ்சள் வரும், 390இல் பழுப்பு, 450இல் அடர் ஊதா, 540இல் நீலம். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். நிறம் சட்டென்று மாறும், வேண்டியதற்கு ஒருபடி முன்னாலேயே சுடரை எடுத்துவிடுங்கள், மீதியை உள்ளே இருக்கும் சூடே முடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்து மறுபடி செய்யலாம், அதுதான் இதில் உள்ள நிம்மதி. அதே காரணத்தால், நிறமேற்றிய டிப்பில் பிறகு பாலிஷ் போடக் கூடாது.

10. வேண்டவே வேண்டாம்

டர்போ விசில். டர்போ என்ஜின் போல விசிலடிக்க முனைக்குள் சொருகும் சின்ன அலுமினியத் துண்டு, நூற்றுக்கணக்கு ரூபாய்தான், டிப் வாங்கும்போது கூடவே எடுத்துக் காட்டுவார்கள். அது புகை போகும் வழியைக் குறுக்குகிறது, கழன்றால் பின்னால் வரும் பைக்காரர் மேல் பறக்கும், சத்தத்துக்கான 190ஆம் பிரிவை நீங்களே கூப்பிட்டுக்கொள்வதும் இதில்தான்.

"இரண்டு புள்ளி வெல்டிங் வைத்துவிடலாம், அசையவே அசையாது" என்று சொல்வார்கள். பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போகலாம், டேங்க் அருகில் இருக்கிறது, பிறகு கழற்றவும் முடியாது. நல்ல கிளாம்ப் போதும்.

வினைல் ஸ்டிக்கரை நிஜக் குழாயில் ஒட்டாதீர்கள். பம்பரிலேயே வரும் போலி வாய்களில் ஒட்டலாம், அதுவும் நிஜக் குழாய் அதற்குப் பின்னாலேயே ஊதுகிறதா என்று பார்த்துவிட்டு.

11. செலவும் நேரமும்

நான் விசாரித்த வரையில் வந்த விலைகள் இவை, ஊருக்கு ஊர் கூடக் குறைய இருக்கும். பாலிஷ் என்றால் உப்புத்தாள், மெட்டல் பாலிஷ், துணி சேர்த்து 300 முதல் 500 ரூபாய். பெயின்ட் டப்பா 400 முதல் 800, தின்னரும் டேப்பும் இன்னொரு 200. குரோம் டிப் 300 முதல் 700, நிஜமான 304 என்றால் ஆயிரத்துக்குக் குறைந்து நம்பாதீர்கள், 2,500 வரை போகும். கார்பன் ஃபைபர் அதற்கும் மேல். சின்ன பியூட்டேன் டார்ச் 500க்குள் கிடைக்கும்.

டிப் மாட்ட ஒரு மணி நேரம் போதும். பெயின்ட்டுக்கு ஒரு வாரக் கடைசியை முழுதாக ஒதுக்குங்கள்: சனி காலை தேய்த்து அடித்து, ஞாயிறு சூடேற்றினால் திங்கள் வண்டி தயார். சனி மாலையே வெளியே எடுக்க வேண்டிய வேலை இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.

12. பி.யு.சி. மையத்தில்

புதிய வண்டிக்கு முதல் ஓராண்டு பி.யு.சி. தேவையில்லை. பிறகு பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம் என்று எடுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் சோதனைக் கம்பியை 30 சென்டிமீட்டராவது குழாய்க்குள் விட வேண்டும். டிப்புக்குள் வலையோ கூர்மையான வளைவோ இருந்தால் கம்பி போகாது, பாதியிலேயே நின்றால் வெளிக்காற்று கலந்து லாம்ப்டா அளவு (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) தவறாக வரும். வாங்கும்போதே ஒரு பென்சிலை உள்ளே விட்டு, அசல் குழாய் தொடங்கும் இடம் வரை நேராகப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயின்ட் அடித்தவர்கள் அது முழுதாக இறுகிய பிறகே போங்கள், கம்பி உரசி விளிம்பு பெயரும்.

13. முதல் சில வாரங்கள்

நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறிய பிறகு, ஸ்குரூக்களை மறுபடி இறுக்குங்கள். சூடேறி ஆறுவதில் கொஞ்சம் தளர்வது இயல்புதான், இந்த ஒரு வேலையை விட்டவர்களின் டிப்தான் பைபாஸில் கிடக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்தால் போதும். டிப் கனமானது என்றால் சைலன்சர் ரப்பர்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், ரப்பர் மாற்றப் பெரிய செலவில்லை.

சர்வீஸுக்கு விடும்போது டிப் மாட்டியிருப்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், எக்ஸாஸ்ட்டைக் கழற்றும் வேலை இருந்தால் அதை முதலில் எடுத்து வைப்பார்கள். பெட்ரோல் வண்டியில் டிப் சில நாளிலேயே உள்ளே கறுப்பாகிவிட்டதே என்று பதற வேண்டாம், லேசான காய்ந்த கரி சாதாரணம். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அது முனையில் தேய்த்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை.